நாக்கில் வைத்த திருநீறு

அந்த ஆஸ்பத்திரியில் கேன்சல் என்ற வார்த்தையே கிடையாது. "கேன்சல் இல்ல மம்மி, போஸ்ட்போன் மட்டும்தான்" என்பார்கள். முகத்தில் சிரிப்பு வேறு. மம்மி என்பது ரோஷினி. அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, முப்பத்து நாலு வயதாகிறது, சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பல் கிளினிக்கின் முன்மேசையில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். அதெல்லாம் அங்கே செல்லாது. அந்த வார்டுக்குள் கால் வைத்துவிட்டால் பெண்கள் எல்லோரும் மம்மி, ஆண்கள் எல்லோரும் டாடி. நாய்க்குக்கூட ஒரு பேர் வச்சுக் கூப்பிடுறாங்க என்று ரோஷினி பல்லைக் கடித்துக்கொள்வாள்.

அவள் மகள் வைஷாலிக்கு ஆறு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. தானாக மூடிக்கொள்ளும் என்று முதல் இரண்டு வருஷம் சொன்னார்கள். மூடவில்லை. பொங்கோலில் அவர்கள் அடுக்குமாடிப் புளோக்கின் கீழே மற்ற பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடும்போது, வைஷாலி ஐந்தாவது நிமிஷமே சறுக்குமரத்தின் படியில் உட்கார்ந்துவிடுவாள். "நான் டயர்டா இல்லம்மா, சும்மா பாக்குறேன்" என்பாள். பொய் என்று தெரிந்தும் ரோஷினி தலையாட்டுவாள். இந்த வருஷத்துக்குள் ஓட்டையை மூடியாக வேண்டும், விட்டால் நுரையீரல் கெட்டுவிடும், அதற்குப் பிறகு மூடியும் பிரயோசனம் இல்லை என்று பெரிய டாக்டர் பிப்ரவரியில் சொன்னார். ஏப்ரலில் ஒரு தேதியும் கொடுத்தார்.

ஏப்ரலில் முந்தின நாள் சாயங்காலம் போன் வந்தது. வேறொரு பிள்ளைக்கு அவசரமாம். சரி, அதுவும் ஒருத்தி பெற்ற பிள்ளைதானே, நன்றாக இருக்கட்டும் என்று ரோஷினி மனசாரத்தான் நினைத்தாள். ஜூனில் உடுப்பு மாற்றி, ஊசி வலிக்காமல் இருக்கப் புறங்கையில் மருந்து தடவி, கட்டிலில் படுக்க வைத்த பிறகு வந்து சொன்னார்கள். ஏதோ மெஷின் சரியில்லையாம். மெஷின் சரியில்லை என்பது காலை பத்தரை மணிக்குத்தான் தெரியவரும் போலிருக்கிறது! பட்டினி கிடந்த பிள்ளை கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டையும் ஒரு கரடி ஸ்டிக்கரையும் கொடுத்து அனுப்பினார்கள்.

தேதி என்றால் ஒரே ஒரு நாள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெற்றவளுக்கு அது மூன்று வாரம். மூக்கு ஒழுகினால் ஆப்பரேஷன் கிடையாது என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்கள். அதனால் ஒவ்வொரு தேதிக்கும் முன்னால் இரண்டு வாரம் வைஷாலிக்குப் பள்ளி இல்லை, பிறந்தநாள் விருந்து இல்லை, எம்.ஆர்.டி. ரயில் இல்லை. லிஃப்டில் யாராவது இருமினால் ரோஷினி பிள்ளையை இழுத்துக்கொண்டு அடுத்த லிஃப்டுக்கு நிற்பாள். பிறகு அந்த நாள் வரும். போஸ்ட்போன் ஆகும். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் இன்னொரு வாரம் பிள்ளை சரியாகச் சாப்பிடாது. இத்தனையும் அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஒரு கட்டத்தை இன்னொரு கட்டத்துக்கு நகர்த்துகிற வேலை, அவ்வளவுதான்.

மூன்றாவது தேதி செப்டம்பரில். முந்தின நாள் வேலை முடிந்ததும் ரோஷினி செராங்கூன் ரோட்டுக் கோயிலில் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்து, மடித்த காகிதத்தில் திருநீறு வாங்கி வந்திருந்தாள். காலை ஏழு மணிக்கு வார்டில், நடுராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாத வைஷாலி பச்சை கவுனை மாட்டிக்கொண்டு கட்டிலில் காலாட்டி உட்கார்ந்திருந்தாள். ரோஷினி காகிதத்தைப் பிரித்து மகள் நெற்றியில் பூசினாள். பூசிய கையோடு, விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தை அவள் நாக்கிலும் வைத்தாள். ரோஷினி பரீட்சைக்குப் போகும்போது அவள் அம்மா வைத்தது அப்படித்தான். பிரசவத்துக்குப் போகும்போது புருஷன் பிரேம் வைத்ததும் அப்படித்தான். அதைச் சாப்பாடு என்று யாருமே நினைத்ததில்லை. விரல் தானாகப் போனது, வைஷாலியும் பழக்கத்தில் வாயைத் திறந்தாள்.

எதிர்க் கட்டிலில் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்த தாதி திரும்பினாள்.

"மம்மி, இப்ப கேர்ள் வாயில என்ன வச்சீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல மிஸ். கோயில் திருநீறு. நாக்குல சும்மா தொட்டு வச்சேன்."

"அப்ப கேர்ள் அதை முழுங்கிட்டாளா?"

ரோஷினி பதில் சொல்லுமுன் வைஷாலி பெருமையாகத் தலையாட்டினாள். தாதி பேனாவை எடுத்து ஃபைலில் ஒரு வரி எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

ஏழு மணி எட்டாயிற்று, பத்தாயிற்று. எதிர்க் கட்டில் பையனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்துக் கட்டில் குழந்தையின் அம்மா எங்கேயோ மைலோ கலக்கினாள், அந்த வாசனை வார்டு முழுக்க வந்தது. "அம்மா, தண்ணி மட்டும்" என்று வைஷாலி நாலு முறை கேட்டாள். ஐந்தாவது முறை கேட்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பன்னிரண்டு பத்துக்கு ஒரு சின்ன டாக்டர் வந்தார். பிரேமும் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான்.

"மம்மி, டாடி, இன்னைக்கு செய்ய முடியாது. வாயில ஏதோ போயிருக்குன்னு ஃபைல்ல இருக்கு. ஃபாஸ்டிங் சரியா இல்லாம மயக்க மருந்து கொடுக்குறது ரிஸ்க். எல்லாம் கேர்ளோட சேஃப்டிக்காகத்தான்."

ரோஷினி எழுந்து நின்றாள். "டாக்டர், அது ஒரு சிட்டிகைகூட இல்ல. வச்சது ஏழு மணிக்கு. அப்பவே சொல்லியிருந்தா பிள்ளைக்குத் தண்ணியாவது குடுத்திருப்பேனே! இப்ப அஞ்சு மணி நேரம் ஆயிடுச்சு. சாயங்காலம் செய்யக்கூடாதா?"

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ஃபைலைப் பார்த்தார். "பாலிசி, மம்மி."

கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். தள்ளிப்போட்டதற்கான காரணம் என்ற இடத்தில் அச்சடித்திருந்தது: நோயாளி தரப்பு. பட்டினி விதி மீறல். தாய் வாய்வழியாகப் பொருள் கொடுத்துள்ளார்.

பொருளாம் பொருள்! ஏதோ பிள்ளைக்கு விஷத்தைப் புகட்டிவிட்டவளைப் போல.

பிரேம் லிஃப்ட் மெக்கானிக். அதிகம் பேசுகிறவன் இல்லை. வீட்டுக்கு வந்து, வைஷாலியை சோபாவில் உட்கார வைத்து கார்ட்டூன் போட்டு டேப்லெட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அடுப்படிக்கு வந்தான்.

"எல்லாம் உன் ஒரு விரலால வந்துச்சு, ரோ. இன்னும் ரெண்டு மாசம் போச்சு. ஒண்ணும் குடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொன்னாங்க? எழுதியே குடுத்தாங்க. உனக்கு அவ்வளவு சாமி கேக்குதா?"

"நெனச்சுக்கிட்டா செஞ்சேன்? கை தன்னால போச்சு பிரேம்."

"தன்னால போச்சு! பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா அப்பவும் தன்னாலதான் ஆச்சுன்னு சொல்லுவியா?"

கூடத்தில் வைஷாலி டேப்லெட்டின் சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு ரோஷினி கோயில் பக்கம் போகவில்லை. கிளினிக்கிலிருந்து நாலு எட்டு வைத்தால் கோயில். அவள் சுற்றிக்கொண்டு பஃபலோ ரோடு வழியாக எம்.ஆர்.டி.க்குப் போனாள். ராத்திரி படுத்தால் அந்த விரல்தான் ஞாபகத்துக்கு வரும். பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொள்வாள். பிரேம் பேசினான், சாப்பிட்டான், வேலைக்குப் போனான். ஆனால் வைஷாலிக்கு மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் அவன் கண் ஒரு நொடி ரோஷினி மேல் வந்து விழுந்துவிட்டுப் போகும்.

நவம்பர் இரண்டாம் வாரம், கிளினிக்கில் கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் தேதி போடுகிற சம்சுன்னிசா. முதல் தடவை பேசியபோதே, "தமிழா நீங்க? அப்ப தமிழ்லயே பேசுவோம்லா" என்றவள். குரலில் ஒரு அக்காத்தனம் உண்டு.

"மாசக் கடைசி வியாழக்கிழமை போட்டிருக்கேன்மா. டாக்டரே கேட்டு வாங்கின ஸ்லாட். காலையில ஏழு மணி. வந்துடுவீங்களா?"

"வந்துடுறோம்க்கா. ரொம்ப தேங்க்ஸ்க்கா. போன தடவை என்னால உங்க எல்லாருக்கும் சிரமம். சாரிக்கா. இந்தத் தடவை திருநீறுப் பொட்டலமே எடுத்துட்டு வர மாட்டேன்."

"என்ன திருநீறு?"

"அதான்க்கா, நான் பிள்ளை நாக்குல வச்சு, அதனால ஆப்பரேஷன் நின்னுபோச்சே."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "வைஷாலி பிரேம்தானே? செப்டம்பர் பதினெட்டு? என் லிஸ்ட்ல முந்தின நாள் சாயங்காலமே ஐ.சி.யூ. பெட் இல்லன்னுதான்மா இருக்கு. அன்னைக்கு மூணு பிள்ளைங்களைத் தள்ளிப் போட்டோம்."

ரோஷினிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. "முந்தின நாளேவா? அப்ப எங்களை ஏன்க்கா வரச் சொன்னீங்க?"

"காலையில ஒரு பெட் காலியானாலும் ஆகும்னு வரச் சொல்லுவாங்கம்மா. ஆகலைன்னா மத்தியானம் சொல்லி அனுப்பிடுவாங்க."

"அப்ப தாள்ல ஏன் என்னைப் போட்டு எழுதியிருக்கு?"

சம்சுன்னிசாவின் குரல் இறங்கியது. பக்கத்தில் யாரோ இருந்திருக்க வேண்டும். "பெட் இல்லன்னு ஹாஸ்பிட்டல் காரணம் போட்டா, ஏன் எதுக்குன்னு மேல ரிப்போர்ட் எழுதணும்மா. மூணு தடவை ஆன கேஸுன்னா மீட்டிங் வேற. பேஷண்ட் காரணம்னா ஒரு கட்டத்துல டிக் போட்டா முடிஞ்சிடும். எல்லாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. யாரோ செஞ்சிருக்காங்க. யா அல்லாஹ், நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கம்மா. எனக்கு ரிட்டயர்மென்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு."

ரோஷினி போனை வைத்தாள். இரண்டு மாசம் ராத்திரி பகலாகத் தன்னைத் தானே தின்றது எதற்காக? ஒருத்தன் ஒரு ரிப்போர்ட் எழுதச் சோம்பல்பட்டதற்காக! பிள்ளையைப் பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டதும் சும்மா, தண்ணி கேட்டு நாக்கு வறண்டதும் சும்மா. கடைசியில் நாக்கில் ஒட்டியிருந்த திருநீறு கண்ணில் பட்டிருக்கிறது, அதையே காரணமாக்கிப் பெற்றவள் தலையில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்கள். சீ, என்ன பிழைப்பு இது!

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் கிளினிக் கதவைத் திறந்து, "என்னம்மா, ரெண்டரைக்குச் சொன்னீங்க, மூணாகுதே?" என்றார். ரோஷினியின் வாய் தானாக, "முன்னாடி வந்த பேஷண்ட் லேட்டுங்க ஐயா" என்றது. முன்னாடி யாரும் வரவில்லை. பல் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். எட்டு வருஷமாக அவள் சொல்லும் பொய். சொல்லி முடித்ததும் எழுந்து உள்ளே போய், நோயாளிகள் வாய் கொப்பளிக்கும் தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, "ஐயா, டாக்டர் சாப்பிடப் போயிருக்காரு, இன்னும் பத்து நிமிஷம் ஆகும்" என்றாள்.

அன்று மாலை பிரேமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் காலணியைக் கழற்றாமலே கேட்டான். ஒரு மன்னிப்பு வரும் என்று அவள் காத்திருந்தாள். காலில் விழ வேண்டாம், "அடச்சே, நான் வேற உன்னைத் திட்டிட்டேனே" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும்.

"தாள்ல அப்படித்தானே எழுதியிருந்துச்சு? அதைப் பாத்துத்தான் நான் பேசினேன்" என்றான் பிரேம்.

"சரி, இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல?"

"தெரிஞ்சு என்ன பண்றது? இப்ப கம்ப்ளெயின்ட் அது இதுன்னு கிளம்பாத. டேட் கிடைச்சிருக்கு. வாயைத் திறந்தா திரும்பத் தள்ளிப் போட்டுருவாங்க. டிசம்பரும் போச்சுன்னா அப்புறம் பிள்ளை கதி? ஆப்பரேஷன் முடியட்டும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ரோஷினிக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. பிள்ளை அவர்கள் கையில் இருக்கிறது, அதனால் வாயை மூடிக்கொள் என்பது நியாயமாகப்படுகிற இடத்தில் அவளும் வந்து நின்றுவிட்டாள். சரி என்று தலையாட்டினாள். பழைய தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை வந்தது. வைஷாலி எழுந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பல் துலக்கச் சொன்னால் தலையை ஆட்டி மறுத்தாள். காரில் கையைக் கோத்துக்கொண்டு, உதட்டை இறுக மூடி, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பயம், பாவம் என்று ரோஷினி அவளை நெருக்கி அணைத்துக்கொண்டாள்.

வார்டில் அதே தாதி. "மார்னிங் மம்மி! பெட் எல்லாம் கன்ஃபர்ம். எட்டரைக்கு முதல் கேஸ் நம்ம கேர்ள்தான். இன்னைக்கு டெம்பிள் பவுடர் எதுவும் இல்லையே?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாள்! ரோஷினி பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்றாள்.

எட்டு மணிக்குத் தாதி காய்ச்சல் பார்க்க வந்தாள். வைஷாலி வாயைத் திறக்கவில்லை. தாதி குனிந்து பார்த்தாள். கவுனின் முன்பக்கம் நெஞ்சு வரைக்கும் நனைந்திருந்தது. வைஷாலியின் உதட்டோரத்திலிருந்து எச்சில் வழிந்து முகவாயில் சொட்டிக்கொண்டிருந்தது.

தாதியின் சிரிப்பு போய்விட்டது. "ஏன் இப்படி வடியுது? முழுங்க முடியலையா? தொண்டை வலியா? மம்மி, தொண்டையில இன்ஃபெக்‌ஷன் இருந்தா இன்னைக்கு முடியாது. நான் டாக்டரைக் கூப்பிடுறேன்."

"அய்யோ, ஒரு நிமிஷம் இருங்க மிஸ்!" ரோஷினி கட்டிலில் ஏறி மகளுக்கு எதிரே உட்கார்ந்தாள். "வைஷு, தொண்டை வலிக்குதா? அம்மாவைப் பாரு. வாயைத் திறடா கண்ணு."

வைஷாலி தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் முட்டியது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. ரோஷினி ஒரு டிஷ்யூவை அவள் வாயருகே பிடித்தாள். வைஷாலி அதில் எச்சிலைத் துப்பினாள். வாய் நிறைய இருந்தது. துப்பிவிட்டு, மிக மெல்லக் கேட்டாள்.

"எச்சில் முழுங்கலாமாம்மா? அது சாப்பிடுறதா?"

"என்னடா சொல்ற?"

"அன்னைக்கு நான்தான் வாயைத் திறந்து முழுங்கிட்டேன். மிஸ்கிட்டயும் ஆமான்னு சொல்லிட்டேன். அதான் கேன்சல் ஆயிடுச்சு. அதான் அப்பா உங்களைத் திட்டினாங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயில் எச்சில் ஊறியது, மறுபடி உதட்டை மூடிக்கொண்டாள்.

ரோஷினிக்கு உண்மை தெரிந்து இரண்டு வாரம் ஆகிறது. புருஷனுக்குச் சொன்னாள். தனக்குத் தானே நூறு முறை சொல்லிக்கொண்டாள். இந்தப் பிஞ்சும் அதைச் சுமந்துகொண்டிருக்கும் என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிரேம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இல்லடா தங்கம்." ரோஷினி இரண்டு கையாலும் மகள் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். "உன் மேல தப்பே இல்ல. அம்மா மேலயும் இல்ல. அன்னைக்கு இங்க பெட் இல்ல. அவ்வளவுதான்."

"அப்ப எல்லாரும் பொய் சொன்னாங்களா?"

"ஆமா" என்றாள் ரோஷினி. "பொய் சொன்னாங்க. நீ முழுங்குடா. எவ்வளவு வேணும்னாலும் முழுங்கு."

வைஷாலி அம்மாவையே பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் இன்னொரு முறை விழுங்கினாள்.

டாக்டர் வந்து டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். சுத்தமாக இருக்கிறது, போகலாம் என்றார். வேறு கவுன் மாட்டினார்கள். எட்டு நாற்பதுக்குத் தள்ளுகட்டில் வந்தது. அறுவை அறையின் வாசல் வரைக்கும் ரோஷினி மகள் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள், பிரேம் பின்னால் வந்தான். அங்கே விடச் சொன்னார்கள். வைஷாலி படுத்தபடியே எட்டிப் பார்த்து, தொண்டையைத் தொட்டுக் காட்டி, "முழுங்கிட்டேன்மா" என்றாள். கதவு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்தது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"அஞ்சு மணி நேரம் ஆகும். கீழ போய் கோப்பி குடிச்சிட்டு வாங்க" என்று தாதி ரோஷினியின் தோளில் தட்டினாள். "இந்தத் தடவை மம்மி வெரி குட். சொன்னதை ஒழுங்கா ஃபாலோ பண்ணிட்டீங்க."

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. ரோஷினி கதவைத் திரும்பி ஒருமுறை பார்த்தாள். பிள்ளை உள்ளே போய்விட்டது. இனி எவனும் எதையும் தள்ளிப்போட முடியாது. கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாளைப் பிரித்து, தாதியின் கையில் வைத்தாள்.

"மிஸ், இதைக் கொஞ்சம் சத்தமா வாசிங்க. இவருக்கும் கேக்கணும். வாசிச்சிட்டு, அன்னைக்குக் காலையில ஐ.சி.யூ.வுல எத்தனை பெட் காலியா இருந்துச்சுன்னும் சொல்லுங்க."

தாதி தாளைப் பார்த்தாள். கீழே இருந்த வரியில் கண் போனதும் முகம் மாறியது. "மம்மி, இது பழைய விஷயம். இப்ப எதுக்கு..."

"ரோ" என்றான் பிரேம்.

ரோஷினி அவன் பக்கம் திரும்பவில்லை. வாசலோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என் பேரு ரோஷினி. அஞ்சு மணி நேரம் ஆகும்னு நீங்கதானே சொன்னீங்க? எனக்கு வேற வேலை இல்ல. வாசிங்க."